மாதிரி எண் பதினேழு

செயல்பாட்டுப் பதிவேடு, பக்கம் நாற்பத்தொன்று.
பாடம்: அமிலங்களும் காரங்களும்.
ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு, கொருக்குப்பேட்டை,
ரயில்வே கேட் மூடியிருந்தால்
நான் உட்படப் பாதி வகுப்பு தாமதமாக வரும் பள்ளி.
துணைக்கருவி: ‘செலவில்லாதது’ என்று எழுதச் சொல்கிறார்கள்.
மஞ்சள்தூள், பத்து ரூபாய்ப் பொட்டலம் இரண்டு.
அதை எழுதவில்லை.

முந்தின நாள் சாயங்காலம்
பழைய விடைத்தாள்களின் வெள்ளை ஓரத்தைக் கிழித்து
மஞ்சளில் முக்கி
ஜன்னல் கம்பியில் காயப்போட்டோம்.
சரக்கு ரயில் போன காற்றில்
நான்கு தாள் பறந்து எதிர் மாவுக்கடைக்குள் விழுந்தது.
கடைக்காரர் மூன்றைத் திருப்பித் தந்தார்.

வீட்டிலிருந்து ஏதாவது ஒரு திரவம்,
ஒரு மூடி அளவு போதும் என்றிருந்தேன்.
புளிக்கரைசல் வந்தது. நீராகாரம் வந்தது.
யோகலட்சுமி வீட்டுச் சீயக்காய்,
இன்னும் சூடாக.
அப்பாவுக்கு பேட்டரிக் கடை என்பதால்
எபிநேசர் கையில் ஒரு மருந்துக் குப்பி.
வாங்கி அலமாரியின் உச்சியில் வைத்தேன்.
அன்றைக்கு முழுவதும் அதற்குக் கிடைத்த மரியாதை
எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

தில்ஷாத் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து வந்திருந்தாள்.
தொட்டதும் மஞ்சள் சிவந்தது.
“ஆரத்தி மிஸ்!” கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன்.
அப்டின்னா இன்னா என்றாள் தில்ஷாத்.
உடனே இரண்டு பேரை மணமக்களாக நிறுத்தி,
அட்லஸைத் தட்டாகப் பிடித்து
மூன்று சுற்று சுற்றிக் காட்டினார்கள்.
மாப்பிள்ளை பாக்கெட்டில் கைவிட்டு
தட்டில் சாக்பீஸ் போட்டான்.
ஆறு நிமிடம் போனது.
பாடக்குறிப்பில் அதற்கு இடமில்லை.

பிரேம்நாத் தாளில் துப்பிப் பார்த்தான்.
திட்டினேன்.
என்ன நிறம் ஆனது என்று
அப்புறம் நானும் எட்டிப் பார்த்தேன்.

கால்வாய்த் தண்ணீரில்தான் சண்டை.
சிவப்பு என்றது ஒரு கட்சி,
கறுப்பு என்றது இன்னொன்று.
தண்ணீருக்கே சொந்த நிறம் இருந்தால்
தாள் என்ன சொல்லும், பாவம்.
அந்தக் கட்டத்தை மட்டும்
அவரவர் இஷ்டத்துக்கு நிரப்பவிட்டேன்.

பதினேழு, ஹேமாவதியுடையது.
மாம்பழ ஜூஸ் பாட்டில்.
லேபிளைக் கிழித்துவிட்டு ஸ்கெட்ச் பேனாவில்
பெயர், வகுப்பு, ‘வீட்டுக் குடிதண்ணீர்’.
திறந்தால் ஒன்றுமில்லை.
“லாரி வர்ல மிஸ். நேத்தும் வர்ல.”
யாரும் சிரிக்கவில்லை.
பாதிப் பேர் தெருவுக்கும் அதே லாரி.

அவள் விதிமுறைப்படி
தாளை உள்ளே விட்டாள், பத்து எண்ணினாள்,
வெளியே எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள்.
மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.
மாறாவிட்டால் அது காரமில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும் என்று
போன வாரம் பலகையில் எழுதியவள் நான்.
முப்பத்தெட்டு நோட்டிலும்
பதினேழுக்கு நேரே அதையே எழுதினார்கள்:
காரமில்லை.
சிவப்பு மையைத் திறந்து வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன்.

மணியடித்த பிறகு தாள்களைப் பதிவேட்டில் ஒட்டினேன்.
பதினாறுதான் இருந்தன.
மேசைக்கு அடியில், குப்பைக்கூடையில், மாவுக்கடையில்கூடக்
கேட்டாயிற்று.

மறுநாள் பிரேயர் முடிந்து
ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்து நீட்டினாள் ஹேமாவதி.
பஸ் டிக்கெட் அகலத் தாள்,
தண்ணீர் பட்டுக் காய்ந்து சுருண்டது.
ஒரு ஓரம் மட்டும் லேசான செங்கல் நிறம்.
சோப்புக் கை பட்டிருக்கலாம்,
படாமலும் இருந்திருக்கலாம்.
பின்பக்கம் பென்சிலில்:
ராத்திரி 2.10. முப்பத்தொண்ணாவது குடம்.

பதிவேட்டில் மாதிரி, நிறம், முடிவு
என்று மூன்றே கட்டம்.
அடிக்கோல் வைத்து
நேரத்துக்கு ஒன்று போட்டேன்.